கண்டியில் அம்மாவோடு

பிப்ரவரி 2

வந்து சேர்ந்தாச்சு. ரம்புக்கனை தாண்டி ரயில் மலையேற ஆரம்பித்ததிலிருந்து அம்மா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவேயில்லை. கடுகண்ணாவை வந்ததும் கேட்டாள்: "கதவப் பூட்டுனேனா?"

கோத்தகிரி வீட்டுச் சாவியை எடுத்துக் காட்டினேன்.

"இது இல்லடி."

பிப்ரவரி 3

தலதா மாளிகை, புத்தரின் பல்லை வைத்திருக்கிற கோயில். வாசலில் சோதனை. 1998ல் லாரி குண்டு வெடித்த இடம். காவலுக்கு நின்ற பெண் அம்மாவின் பொட்டையும் என் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அம்மா என் தோளைத் தொட்டு, "மே மகே துவ" என்றாள். இது என் மகள் என்று அர்த்தமாம்.

அம்மா சிங்களம் பேசி இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். நான் ஊமையாக நின்றேன். காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்று தெரியாதவளிடம் இது மட்டும் எங்கே பத்திரமாக இருந்தது?

உள்ளே மேளம், தாமரைப்பூ, நெரிசல். பல்லைக் காட்டுவதில்லை, பேழையைத்தான் தூரத்திலிருந்து காட்டுகிறார்கள். அம்மா கும்பிட்டுவிட்டு, அடுத்து முருகன் கோயிலுக்குப் போகணும் என்றாள். கதிர்காம தேவாலயத்தைச் சொல்கிறாள். வழியும் அவளே சொன்னாள்.

பிப்ரவரி 4

சுதந்திர தினம். தெருவெல்லாம் கொடி. 1948ல் இவர்களுக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை விட்டுவிட்டதில் தாத்தா எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் போனார். வெளியே போகவில்லை. மாத்திரை எண்ணினேன். ஒன்று குறைகிறது.

பிப்ரவரி 5

ஏரியைச் சுற்றப் பாதி தூரம்தான் முடிந்தது. முழங்கால் வலி. பெஞ்சில் உட்கார்ந்து கதை சொன்னேன்: இதை வெட்டினவர் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பிறந்த பேர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். 1815ல் வெள்ளைக்காரன் பிடித்து வேலூருக்கு அனுப்பினான். 1832ல் அங்கேயே செத்தார். ஸ்கேனுக்கு வேலூர் போனோமே, அங்கே பாலாற்றுப் பக்கம்தான் சமாதி.

"அவரு பூட்டிட்டு வந்தாரா?"

சிரித்திருக்கக் கூடாது. சாயங்காலம் வரை பேசவில்லை.

பிப்ரவரி 6

கலஹா வழியாகத் தெல்தோட்டை பஸ். 1867ல் இலங்கையில் முதன்முதலாகத் தேயிலையைத் தோட்டமாகப் போட்ட லூல்கந்துர இந்தப் பக்கம்தான். அம்மாவுக்கு அதெல்லாம் வேண்டாம். பிள்ளையார் கோயில், அதுக்கு மேல லயம், அஞ்சாவது காம்பரா. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், காம்பரா அதில் ஓர் அறை, அம்மா இருந்தது.

ஏறுகிற வழியில் செடி ஓரம் நின்றாள். கை தானாகப் போய் கொழுந்தைக் கிள்ளியது. இரண்டு, மூன்று, கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் வீசினாள். கூடை இல்லை. எல்லாம் என் செருப்பின் மேல் விழுந்தது. அவள் திரும்பியே பார்க்கவில்லை.

அஞ்சாவது காம்பராவில் வேறு குடும்பம். பச்சைக் கதவு, புது நாதாங்கி. உள்ளேயிருந்து ஒரு பிள்ளை, "வாங்க அம்மாயி, உக்காருங்க" என்று பிளேன் டீ கொண்டுவந்தது. அம்மா குடிக்கவில்லை. நாதாங்கியைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள். 1972ல் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவள்.

"தெறந்தேதான் கெடந்திருக்கு," என்றாள் என்னிடம். கோபமாக. நான்தான் திறந்து போட்டதுபோல.

பஸ்ஸில் தூங்கிவிட்டாள். இனி கேட்கமாட்டாள் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 7

மணி மூன்று. எழுந்துவிட்டாள். கதவுகிட்ட நிற்கிறாள்.