நாலு பென்சில் பேட்டரி

கச்சேரிக்குச் சீக்கிரம் போகிற பழக்கம் எனக்கு மயிலாப்பூரில் வந்தது. மார்கழி சீசனில் சித்தப்பா மதியக் கச்சேரிக்குத்தான் கூட்டிப் போவார். டிக்கெட் கிடையாது. பாடுகிறவர் பெயரை நாங்கள் அதற்கு முன் கேட்டிருக்கவே மாட்டோம். அரங்கில் முப்பது பேர் இருந்தால் அதிகம். "சாயங்காலம் பாடுறவங்களை எப்ப வேணா கேக்கலாம்டா. இவங்களை இப்பவே கேட்டு வை" என்பார்.

இப்போது பால்டிமோரில் இருக்கிறேன். பழக்கம் மட்டும் மாறவில்லை. டிக்கெட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் குழு ஒன்பதரைக்கு மேடையேறும் என்றால் நான் ஏழு மணிக்கே உள்ளே இருப்பேன். எனக்குப் பிடித்த குழுக்களில் பாதிக்கு மேல் அந்த ஏழரை மணிக்காரர்கள்தான்.

சிப்டியூன், அதாவது பழைய வீடியோ கேம் கருவிகளின் ஒலிச் சிப்பில் உருவாக்கும் இசை, எனக்கு வந்ததும் அப்படித்தான். அனமனகூச்சி என்று ஒரு நியூயார்க் குழு. பழைய நின்டெண்டோ பெட்டியின் ஒலிச் சிப்போடு கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து வாசிப்பவர்கள். அவர்களைக் கேட்கத்தான் போனேன். முதலில் மேடைக்கு வந்தது ஒரே ஒரு பெண். மேஜையில் சாம்பல் நிற கேம் பாய் (கையில் வைத்து ஆடும் நின்டெண்டோ கேம் கருவி) இரண்டு, நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு ஒயர். அவ்வளவுதான் அவருடைய வாத்தியம். ஒன்றை ஆன் செய்தார். திரையில் எழுத்து மேலிருந்து இறங்கி நின்றதும் வரும் அந்த 'டிங்', ஆள் உயர ஸ்பீக்கரில் வந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

எனக்கு அது ஊர்ச் சத்தம். எங்கள் வீட்டில் பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேம் ஒன்று இருந்தது, மஞ்சள் கேசட் போட்டு ஆடுவது. அது நின்டெண்டோ பெட்டியின் நகல் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. கோடை விடுமுறை முழுக்க அந்தக் கீச்சுக் குரல் மெட்டுகள் வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும், அம்மா "சத்தத்தைக் குறை" என்று கத்திக்கொண்டே இருப்பார். அதே குடும்பத்துச் சத்தம், இங்கே இருநூறு பேரை ஆட வைத்துக்கொண்டிருந்தது.

1989இல் வந்த கேம் பாயில் மொத்தம் நாலே சேனல், அதாவது நாலு தனிக் குரல். மெட்டுக்கு இரண்டு பல்ஸ், அலை வடிவத்தை நாமே வரையக்கூடிய ஒரு வேவ், இரைச்சலுக்கு ஒரு நாய்ஸ். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் வரும். மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும் கார்டு வேண்டுமென்றால், அந்த மூன்றையும் கண்மூடித் திறப்பதற்குள் பலமுறை சுழற்றிவிட வேண்டும். காது அதை ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. சிப்டியூனுக்கே உரிய அந்தச் சிலுசிலுப்பு இங்கிருந்துதான் வருகிறது. வேவ் சேனலில் சுருதியைச் சரேலென்று கீழே இழுத்தால் அதுவே கிக் டிரம். நாய்ஸைச் சின்னச் சின்னதாக நறுக்கினால் ஹை-ஹாட். பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது 2000இல் வந்த எல்எஸ்டிஜே என்ற மென்பொருள், கேம் பாய்க்குள்ளேயே ஓடுவது. திரையில் எண்ணும் எழுத்துமாக வரிசைகள். ஃபிரேஸ் என்கிற ஒரு சின்ன வரிசைக்குப் பதினாறு படி. நம் கணக்கில் சதுஸ்ர நடையில் நாலு அட்சரம். அந்தச் சின்ன வரிசைகளை அடுக்கி அடுக்கி ஒரு முழுப் பாட்டு.

ஹெட்போனில் கேட்டால் இது மெல்லிய இரைச்சலாகத் தோன்றலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். நேரில் அந்த வேவ் சேனல் நெஞ்செலும்பில் வந்து இடிக்கும்போதுதான் இதன் கனம் புரியும். அதோடு கைவேலையைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் சேனல்களை ஒவ்வொன்றாக அடைத்து, ஆட்டம் தளர்கிற நொடியில் எல்லாவற்றையும் ஒருசேரத் திறந்துவிடுவார்கள். மடிக்கணினியில் பிளேயை அமுக்கிவிட்டுக் கையை உயர்த்துகிறவர்களிடம் எனக்கு மனம் ஒட்டுவதில்லை.

2006 முதல் 2012 வரை நியூயார்க்கில் பிளிப் ஃபெஸ்டிவல் என்று இதற்கென்றே ஒரு விழா நடந்தது. பிட் ஷிஃப்டர், நல்ஸ்லீப் போன்ற கேம் பாய் கலைஞர்களின் காலம். அதை நான் நேரில் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. எனக்கு வாய்த்தது மேக்ஃபெஸ்ட் என்ற இசை, வீடியோ கேம் விழா. மேரிலாந்தில், பொடோமாக் ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்றில் ஜனவரியில் நாலு நாள், இரவு பகலாக நடப்பது. அங்கே சிப்ஸ்பேஸ் என்று சிப்டியூனுக்கு ஒரு தனி அறை உண்டு. பெயர் கொடுத்தால் யாரும் வாசிக்கலாம்.

2019இல் அந்த அறையில், இரவு இரண்டு மணி இருக்கும். கல்லூரி வயதுப் பையன் ஒருவன் வாசித்துக்கொண்டிருந்தான். வேகமான பாட்டு, முன்வரிசை முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. அவன் கேம் பாயைத் தூக்கிப் பார்த்தான்; திரை வெளிறிக் கிடந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது. முகம் வாடிப்போய் நின்றான். ஆனால் கூட்டம் நிற்கவில்லை. யாரோ அதே காலப்பிரமாணத்தில் கைதட்ட ஆரம்பித்தார்கள், அறை முழுக்கச் சேர்ந்துகொண்டது. முன்னால் நின்ற ஒருவர் தன் கேமரா ஃபிளாஷைத் திறந்து நாலு பென்சில் பேட்டரியை எடுத்து நீட்டினார். பையனுக்குக் கை நடுங்கியது. மூடியைப் பக்கத்திலிருந்த பெண் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, பாட்டு கேசட்டின் நினைவகத்தில் பத்திரமாக இருந்தது. ஆன் செய்தான். 'டிங்'. அந்த ஒற்றைச் சத்தத்துக்கு எழுந்த கூச்சல் மாதிரி நான் வேறெங்கும் கேட்டதில்லை. கைதட்டல் விட்ட இடத்திலேயே அவன் தாளத்தைப் பிடித்துக்கொண்டான்.

முடிந்ததும் அவனிடம் போய், நீ யாரைக் கேட்பாய் என்று கேட்டேன். எல்லோரிடமும் இதைக் கேட்பேன். செயலி பரிந்துரைப்பதைவிட இது எனக்கு எப்போதும் பலித்திருக்கிறது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். அதிலிருந்து வந்தவர்தான் வட அயர்லாந்தின் சிப்டியூன் கலைஞர் சிப்ஸெல். ஒய்எம்சிகே என்ற மூவர் குழுவும் அதே சீட்டில்தான்: ஜப்பான்காரர்கள், இதே கீச்சுச் சத்தத்தின்மேல் மென்மையான பெண் குரலும் ஜாஸ் சாயலும். ஞாயிறு காலைகளில் எங்கள் வீட்டில் இப்போது அவர்கள்தான். சீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. அதில் அவன் தன் பெயரை எழுத மறந்துவிட்டான், நானும் கேட்க மறந்துவிட்டேன். சின்ன நிகழ்ச்சிகளில் அவன் வாசித்த அந்த மெட்டு எங்காவது வருகிறதா என்று காது தேடிக்கொண்டே இருக்கிறது.

அன்றிலிருந்து எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் பையின் முன் ஜிப்பில் நாலு புதுப் பென்சில் பேட்டரி வைத்திருக்கிறேன்.