பைலோரிக் ஸ்டெனோசிஸ்: ஒப்பரேஷனுக்கு முந்தியதுதான் பாடு

மூன்று கிழமைப் பிள்ளை சத்தி எடுத்தால் திருகோணமலையில் யாரிடம் கேட்டாலும் முதல் பதில் ஒன்றுதான்: "பால் கூடிப்போச்சு, தோளில போட்டுத் தட்டுங்கோ." அடுத்தது பால்மாவை மாற்றச் சொல்லும். அதற்கடுத்தது ஓமத்தண்ணி. இந்த மூன்றையும் சுற்றி முடிப்பதற்குள் பிள்ளையின் நிறை இறங்கிவிடும். இரைப்பை குடலுக்குத் திறக்கிற வாசலின் தசை தடித்துப் பாலை அடைப்பதுதான் பைலோரிக் ஸ்டெனோசிஸ். அதற்கான ஒப்பரேஷன் ஏறக்குறைய அரை மணித்தியால வேலை. அந்த மேசை வரைக்கும் போய்ச் சேருவதுதான் பாடு, எங்கள் பிள்ளையோடு அலைந்த அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சும்மா கக்குகிற பிள்ளைக்கு வாயோரம் பால் வழியும், நிறை ஏறிக்கொண்டே இருக்கும். இந்த நோயில் பால் எகிறிப் பாய்ந்து எதிரே இருப்பவரின் சாரத்தை நனைக்கும். எடுத்த கையோடு பிள்ளை திரும்பப் பாலுக்கு அழும். கிருமித் தொற்று என்றால் பெரும்பாலும் சோர்ந்து பாலை மறுக்கும். ஆகவே "எடுத்ததும் பசிக்குது" என்பதை டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். வழக்கமாக 3 முதல் 6 கிழமைக்குள் தொடங்கும், ஆண்பிள்ளைகளில்தான் கூட. பிறந்த முதல் இரண்டு கிழமைக்குள் எரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தாய்க்கோ தகப்பனுக்கோ சின்னதில் இதே ஒப்பரேஷன் நடந்திருந்தாலும் அப்படித்தான்.

சத்தி பச்சையாக இருந்தால் மீதியை வாசிக்க வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பைலோரிக் ஸ்டெனோசிஸில் அடைப்பு இரைப்பை முடிகிற வாசலில், பித்தம் குடலில் சேருவதற்கு முன்னரே இருப்பதால் பித்தம் மேலே வராது. வெள்ளையாகவோ தயிராகவோ, சிலவேளை மண்ணிறக் கீறலோடோ வரும். பச்சை என்றால் குடல் முறுக்காக இருக்கலாம், அது மணித்தியாலக் கணக்கு.

ஓ.பி.டி. வரிசையில் "சத்தி எடுக்குது" என்று மட்டும் சொன்னால் ஜீவனி (வாயால் கொடுக்கிற உப்புச்சீனிக் கரைசல்) பக்கெற்றோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாயால் கொடுக்கிற எதுவும் அந்த வாசலைத் தாண்டாது என்று அங்கே நின்று வாதாட முடியாது. எடுபடுவது பிள்ளையின் நிறை பதிகிற கிளினிக் கொப்பிதான். இரண்டு கிழமையளவில் பிறந்த நிறை திரும்பியிருக்க வேண்டும், பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். நிறைக் கோடு ஏறாமல் படுத்துக்கிடந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்தே நீட்டுங்கள். மிட்வைஃபிடம் சொல்லி ஒரே தராசில், உடுப்பில்லாமல் நிறுத்துப் பதியுங்கள். ஒரு தாளில் பால் குடித்த நேரம், சத்தி எடுத்த நேரம், நனைந்த பம்பர்ஸ் எண்ணிக்கை. எல்லாம் இலக்கத்தில் இருந்தால் சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

நோயை உறுதிப்படுத்துகிற வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கானில்தான் எங்களுக்கு ஒரு பயணம் வீணானது. வழியில் பிள்ளை அழுது காற்றை விழுங்கி, வயிறு முட்டப் பாலும் குடித்திருந்தது. வாயு நிறைந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது. "நோர்மல்" என்று எழுதிக் கையில் தந்துவிட்டார்கள், அளவு ஒன்றும் இல்லை. அளவில்லாத ரிப்போர்ட்டை வாங்காதீர்கள். தசைத் தடிப்பு 3 மில்லிமீற்றரோ கூடவோ, வாசலின் நீளம் 15 மில்லிமீற்றரோ கூடவோ என்றால் நோய் இருக்கிறது. பிள்ளையை வலப்பக்கம் சரித்துப் படுக்கவைத்துப் பார்த்தால் வாயு விலகும். தசை நாளாக நாளாகத் தடிக்கும். ஆகவே தொடக்கத்தில் 2.5 என்று வந்து, சத்தியும் நிற்காவிட்டால், சில நாளில் திரும்ப ஸ்கான் கேளுங்கள்.

வாட்டில் ஏற்றிய பிறகு வருகிற கோபம் வேறு: "வருத்தம் தெரிஞ்சுபோச்சு, ஏன் இன்னும் வெட்டேல்ல?" இந்தக் காத்திருப்பு மட்டும் நியாயமானது. சத்தியோடு இரைப்பை அமிலம் போய், குளோரைட்டும் பொற்றாசியமும் இறங்கி, இரத்தத்தில் காரத்தன்மை கூடிவிடும். அந்த நிலையில் மயக்கம் கொடுத்தால் ஒப்பரேஷனுக்குப் பிறகு பிள்ளை மூச்சு விட மறந்துவிடலாம். ஆகவே முதலில் சேலைன். வரட்சி இருந்தால் கிலோவுக்கு 20 மில்லிலீற்றர் 0.9 வீத சேலைன், 3.5 கிலோப் பிள்ளைக்கு 70. பிறகு 5 வீத டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சேலைன், வழமையான தேவையின் ஒன்றரை மடங்கு. சலம் போன பிறகுதான் அதில் பொற்றாசியம் சேர்ப்பார்கள். பம்பர்ஸை எறியாமல் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) காட்டச் சொல்வது இதற்குத்தான். இரத்த முடிவில் (mmol/L கணக்கில்) குளோரைட் 100க்கு மேல், காரத்தைக் காட்டுகிற பைகாபனேட் 30க்குக் கீழ், பொற்றாசியம் 3.5க்கு மேல் வந்தால் ஒப்பரேஷனுக்குப் பாதை திறந்தது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வரும். குதிக்காலில் நசுக்கி எடுத்த இரத்தத்தில் அணுக்கள் உடைந்திருந்தால் பொற்றாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும், திரும்ப எடுக்கச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

பிள்ளைச் சத்திரசிகிச்சைக்குக் கண்டிப் பக்கமோ கொழும்புக்கோ அனுப்பினால், கந்தளாய், ஹபரணை வழியே நீண்ட ஓட்டம், இரவில் ஹபரணைப் பக்கம் யானைக்கும் நிற்க நேரும். சேலைன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மூக்குக் குழாய் போட்டு வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். ஸ்கான் படம் (ரிப்போர்ட் மட்டும் போதாது), நேரம் எழுதிய இரத்த முடிவுகள், அன்றைய நிறை, கடைசிப் பால் நேரம் ஆகியவை கடிதத்தோடு இருக்கின்றனவா என்று அம்புலன்ஸில் ஏற முன்னரே பாருங்கள். இரத்த முடிவு இல்லாமல் போனால் அங்கே முதலிலிருந்து ஊசி.

ஒப்பரேஷன் ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் ராம்ஸ்டெட் 1912இல் எழுதிவைத்ததுதான்: தடித்த தசையை நீளவாக்கில் கீறிப் பிளந்து, உள்சவ்வைத் தொடாமல் விடுவது. சவ்வில் ஓட்டை விழுந்தால் தைப்பார்கள், பால் தொடங்குவது பிந்தும். முதல் 24 மணித்தியாலம் மூச்சுக் கண்காணிப்பில் வைப்பார்கள்.

பால் சில மணித்தியாலத்தில் தொடங்கும். உடனே ஒருதரம் சத்தி வரும், வீட்டுச் சனம் "ஒப்பரேஷன் சரிவரேல்ல" என்று அழத் தொடங்கும். முதல் ஒன்றிரண்டு நாள் சத்தி எதிர்பார்த்ததுதான், பாலை நிறுத்த வேண்டாம். ஒரு கிழமை தாண்டியும் எகிறினால் கீறல் முழுதாகப் போகவில்லையோ என்று பார்க்க வேண்டும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, தையல் தானாகக் கரைகிற நூலா, வெட்ட வர வேண்டுமா என்று கேளுங்கள். நாங்கள் கேட்டதால் திருகோணமலையிலேயே வெட்ட ஒரு கடிதம் கிடைத்தது, இல்லாவிட்டால் அந்த ஒரு நூலுக்காக இன்னொரு தரம் ஹபரணை.