ஆக்சிமீட்டரில் நான் பார்க்காத எண்

ஸ்டீராய்டு தொடங்கிய ஐந்தாவது வாரத்தில், ஒரு புதன்கிழமை இரவு, குளியலறையிலிருந்து கட்டிலுக்குத் திரும்பும் பத்தடி தூரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறவில்லை, எடை எதையும் தூக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்களில் ஊன்றிக்கொண்டு, ஓடி வந்து நின்றவனைப் போல இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். ஆழமாக இழுக்கும்போது வலது விலாவுக்குக் கீழே ஊசியால் குத்துவது போல ஒரு வலி வந்து, பாதி வழியிலேயே மூச்சை நிறுத்தியது. ஐந்து நிமிடத்தில் சற்றுத் தணிந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் அதற்கான காரணத்தையும் நானே கண்டுபிடித்துவிட்டேன்: இது ஸ்டீராய்டின் படபடப்பு.

எனக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பெருங்குடல் அழற்சி இருக்கிறது; மருத்துவர்கள் அதை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பார்கள். பெரும்பாலான மாதங்களில் மெசலமைன் மாத்திரையோடு அடங்கிக் கிடக்கும் நோய், ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூண்டெழும். அப்போது மலத்தில் இரத்தம் போகும், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ஓட வேண்டியிருக்கும். இம்முறையும் அப்படித்தான் 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து வாரத்துக்கு 5 மில்லிகிராம் வீதம் குறைத்துக்கொண்டு, 25-க்கு வந்திருந்தேன். இரத்தப்போக்கு குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை.

நீண்ட நாள் நோயாளிக்கு ஒரு கெட்ட திறமை வந்துவிடுகிறது: உடலில் எது நடந்தாலும் அதற்கு விளக்கம் தயாராக இருக்கும். என்னிடம் ஒரு குறிப்பேடு உண்டு. அதில் 'நோயால்', 'மருந்தால்' என்று இரண்டே பத்திகள். முகம் உருண்டது மருந்தால். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருவதும், காரணமில்லாமல் எரிந்து விழுவதும், நள்ளிரவில் பசிப்பதும் மருந்தால். குந்தி எழும்போது தொடை ஒத்துழைக்காததும் அதே பத்தியில்தான். சோர்வும் வெளிறிய நகங்களும் நோயால். ஸ்டீராய்டு அவ்வளவு பரந்த பக்கவிளைவுகள் கொண்ட மருந்து என்பதால், எந்தப் புதிய தொந்தரவையும் அதன் கணக்கில் எழுதுவது எப்போதுமே ஓரளவு சரியாகவே படும். மூச்சுத்திணறலையும் அந்தப் பத்தியில்தான் எழுதினேன்.

எழுதுவதற்கு முன்பு சோதித்துப் பார்க்காமலும் இல்லை. மேசை இழுப்பறையிலிருந்த பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். ஆக்சிஜன் 96 என்று காட்டியது. 95-க்கு மேல் இருந்தால் கவலையில்லை என்று எங்கோ படித்திருந்தேன். அந்த எண் என்னைத் தூங்க வைத்தது. அதே சிறிய திரையில், அதற்குப் பக்கத்திலேயே, 118 என்று இன்னோர் எண் மின்னிக்கொண்டிருந்தது. அது நாடித்துடிப்பு. உட்கார்ந்து ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 118 முறை துடிப்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். நான் அதைப் பார்த்தேன் என்றும் சொல்லலாம், பார்க்கவில்லை என்றும் சொல்லலாம்.

மறுநாள் காலை மருத்துவரின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். இந்த இடத்தைத்தான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எடுத்தவரிடம் நான் சொன்ன வாக்கியம் இது: "ஸ்டீராய்டினால் கொஞ்சம் படபடப்பாக இருக்கிறது, தூக்கமும் சரியில்லை." ஸ்டீராய்டில் அது சகஜம்தான், மாத்திரையைக் காலையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. நான் சொன்னதற்கு அது சரியான பதில். நான் அறிகுறியைச் சொல்லவில்லை. என் முடிவைச் சொன்னேன், அதற்கு ஒப்புதலும் வாங்கிக்கொண்டேன். "நேற்று இரவு திடீரென்று, பத்தடி நடந்ததற்கே மூச்சு வாங்கியது; ஆழ மூச்சிழுத்தால் வலது பக்கம் குத்துகிறது; ஓய்வில் நாடி 118" என்று சொல்லியிருந்தால், அவர் என்னைப் பேசி முடிக்கக்கூட விட்டிருக்க மாட்டார்.

அன்று மாலை அக்கா பேசினார். வழக்கமான விசாரிப்புகளுக்கு நடுவே, "ஏன் பாதிப் பேச்சில் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாய்?" என்று கேட்டார். இல்லையே என்றேன். "இப்போதுகூட 'இல்லையே' என்று சொல்லிவிட்டு மூச்சு விடுகிறாய், எனக்குக் கேட்கிறது" என்றார். மருத்துவம் எதுவும் படிக்காத அவருடைய காதுக்கு எட்டியது, ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள எனக்கு எட்டவில்லை. ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் போவது அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய நிலை என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் அது என்னைப் பற்றிய செய்தி என்று தோன்றவில்லை.

அன்று இரவே கிளம்பிப் போனேன். அவசர சிகிச்சைப் பிரிவில் என்னைப் பார்த்த மருத்துவர் வயதில் மிகவும் இளையவர். நுரையீரலைக் கேட்டுவிட்டு, என் கால்சட்டையை முழங்கால் வரை ஏற்றச் சொன்னார். மூச்சுக்கு வந்தவனிடம் காலை ஏன் பார்க்கிறார் என்று நினைத்தேன். இடது கெண்டைக்காலை அழுத்தியதும் கத்திவிட்டேன். அந்த வலி ஆறு நாளாக இருந்தது. குறிப்பேட்டில் 'மருந்தால்' பத்தியில், 'ஸ்டீராய்டினால் பொட்டாசியம் குறைந்து தசைப்பிடிப்பு' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. ஸ்டீராய்டு பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் பொட்டாசியம் குறைந்தால் இடது காலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடிக்குமா என்ற எளிய கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. நாடாவால் அளந்தபோது இடது கெண்டைக்கால் வலதைவிட மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருந்தது.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள், துடிப்பு வேகமாக இருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. இரத்தக் கட்டிக்கு டி-டைமர் என்றொரு பரிசோதனை உண்டே என்று கேட்டேன். கட்டி இல்லையென்று உறுதி சொல்லத்தான் அது உதவும், உங்களைப் போல உடலில் அழற்சி கனன்றுகொண்டிருப்பவர்களுக்கு எப்படியும் அது கூடுதலாகத்தான் இருக்கும், அதிலும் உங்கள் காலையும் நாடியையும் பார்த்த பிறகு அதற்காகக் காத்திருப்பதில் பொருளில்லை என்று சொல்லி, நேராக சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினார். நரம்பில் அயோடின் கலந்த சாயம் ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை வெந்நீர் ஊற்றியது போல ஒரு வெம்மை ஓடியது. அரை மணி நேரத்தில் முடிவு வந்தது: வலது நுரையீரலின் கீழ்மடலுக்குப் போகும் தமனிக் கிளைகளில் இரத்தக் கட்டிகள். பல்மனரி எம்பாலிசம்.

காலின் ஆழமான சிரையில் உறைந்த இரத்தம் பிய்த்துக்கொண்டு, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்வதுதான் இது. நுரையீரலில் காணப்படும் கட்டி வேறிடத்தில் உருவாகி அங்கே வந்து சேருகிறது என்பதை 19-ஆம் நூற்றாண்டில் விளக்கியவர் ருடால்ஃப் விர்ச்சோ. இரத்த ஓட்டம் மந்தமாவது, இரத்தக்குழாயின் உட்சுவர் கெடுவது, இரத்தமே உறையும் தன்மை கூடுவது என்று இரத்தம் உறைவதற்கான மூன்று காரணங்கள் இன்றும் அவர் பெயரால்தான் சொல்லப்படுகின்றன. நான் மூன்று வாரமாகக் கட்டிலிலும் கழிப்பறையிலுமாகவே கிடந்தேன். வயிற்றுப்போக்கினால் உடலில் நீர் வற்றியிருந்தது. அழற்சி தட்டணுக்களையும், இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தையும் உயர்த்திவிடும். என் தட்டணு எண்ணிக்கை 5,80,000. போதாக்குறைக்கு ஸ்டீராய்டும் இந்த ஆபத்தைக் கூட்டும் மருந்துகளில் ஒன்று.

குடல் அழற்சி உள்ளவர்களுக்குச் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் என்பதும், நோய் மூண்டிருக்கும்போது அது இன்னும் கூடும் என்பதும் மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்டவை. நோய் மூண்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர்களுக்கு, இரத்தப்போக்கு இருந்தாலும்கூட, உறைவதைத் தடுக்கச் சிறிய அளவில் ஹெப்பாரின் ஊசி போடுவது வழக்கம். ஒன்பது ஆண்டுகளில் எனக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம், என் பயமெல்லாம் எதிர்த் திசையில் இருந்ததுதான். இரத்தம் போய்க்கொண்டே இருக்கிறதே, ஹீமோகுளோபின் குறைகிறதே என்று கவலைப்பட்டவனுக்கு, ஒரு பக்கம் கசிந்துகொண்டிருக்கும் அதே இரத்தம் இன்னொரு பக்கம் உறைந்துகொண்டிருக்கும் என்று எப்படித் தோன்றும்?

அந்த முரண் மருத்துவர்களையும் சற்று நிறுத்தத்தான் செய்தது. கட்டிக்கு மருந்து ஹெப்பாரின், குடலோ கசிந்துகொண்டிருக்கிறது. அவசரப் பிரிவு மருத்துவரும் குடல் மருத்துவரும் என் கட்டிலுக்கு அப்பால் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதில் 'ஹீமோகுளோபின் 9.4' என்பது மட்டும் எனக்குக் கேட்டது. முடிவில் ஊசியைத் தொடங்கிவிட்டு, முதல் நாட்களில் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். குடலின் கசிவு பயந்த அளவுக்குக் கூடவில்லை. இந்த ஊசி ஏற்கெனவே இருக்கும் கட்டியைக் கரைப்பதில்லை, அது வளராமலும் புதிது உருவாகாமலும் தடுக்கிறது, கரைக்கும் வேலையை உடலே மெல்லச் செய்துகொள்கிறது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். எக்கோ எனப்படும் இதய ஸ்கேனில் இதயத்தின் வலப்பக்கம் திணறவில்லை என்று தெரிந்ததால், கட்டியை உடனே கரைக்கும் கடுமையான மருந்துகள் தேவைப்படவில்லை.

இதை எழுதுவதால், ஸ்டீராய்டில் இருக்கும் எல்லோருடைய மூச்சுத்திணறலும் இதுதான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரத்தசோகையின் மூச்சிரைப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அது வாரக்கணக்கில், முதலில் மாடிப்படியில், பிறகு சமதரையில் என்று படிப்படியாக வரும். ஸ்டீராய்டு உப்பையும் நீரையும் தேக்கி உடலைப் பெருக்க வைப்பதும், தசைகளை மெலியவைப்பதும் அதே போல மெதுவானவை. மெசலமைன்கூட மிக அரிதாக நுரையீரலிலோ இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலோ அழற்சியை உண்டாக்கும் என்று சொன்னார்கள். தொற்றுதான் இவற்றில் ஏமாற்றுக்காரன். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடுவதால், நிமோனியா இருந்தும் உடல் சுடாமல் போகலாம். நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியாவில் வறட்டு இருமலும், நடந்தால் ஆக்சிஜன் இறங்குவதுமே முக்கிய அடையாளங்களாக இருக்கலாம். ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு மாதமளவுக்கு எடுப்பவர்களுக்கு, குறிப்பாகக் கூடவே வேறொரு நோயெதிர்ப்பு அடக்கி மருந்தும் இருந்தால், அந்த நிமோனியாவைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் என்ற மருந்தைக் கொடுப்பதைப் பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். இவற்றுள் எது என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்தறிய முடியாது; நான் முயன்று பார்த்தவன். ஆனால் 'எப்போது தொடங்கியது' என்ற கேள்விக்கு நாளும் மணியும் சொல்ல முடிகிற மூச்சுத்திணறலை எந்தப் பத்தியிலும் எழுதிவைத்துவிட்டுத் தூங்கக் கூடாது.

அந்த இரவில் நான் தற்செயலாகச் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். புறப்படும் அவசரத்தில் எதையும் எடுக்கவில்லை. ஆனால் ஸ்டீராய்டின் பெயரும் அளவும் எழுதிய அட்டை எப்போதும் பணப்பையில் இருக்கும். பல வாரங்கள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது அட்ரீனல் சுரப்பிகள் உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலைச் சுரப்பதைப் பெருமளவு குறைத்துவிடக்கூடும். கடுமையான நோய் தாக்கும்போது நலமாக உள்ள உடல் தானாகவே கார்ட்டிசாலைக் கூட்டிச் சுரக்கும். என் உடலால் அது முடியாமல் போகலாம். மருத்துவமனையில் ஒரு வேளை மாத்திரை தவறிப்போனால்கூட இரத்த அழுத்தம் சரிந்து, வந்த நோயோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளக்கூடும். "மூச்சுத்திணறலுக்கு ஸ்டீராய்டுதான் காரணம் என்று நினைத்திருந்தேன், நாளை மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்றிருந்தேன்" என்று அந்த இளைய மருத்துவரிடம் சொன்னபோது, அதுவரை நிதானமாக இருந்த அவர் முகம் மாறியது. கட்டியைக் காட்டிலும் அந்த வாக்கியம்தான் அவரைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தேன். ஊசியிலிருந்து, அதேபோல உறைவைத் தடுக்கும் அபிக்சபான் மாத்திரைக்கு மாற்றினார்கள். குறைந்தது மூன்று மாதம் என்றார்கள். குடல் முழுமையாக அடங்கும் வரை என்று அது ஆறு மாதமாக நீண்டது. மூச்சு முழுவதும் திரும்ப ஏறக்குறைய பத்து வாரம் ஆனது. அடுத்த முறை நோய் மூண்டால் முதல் வாரத்திலேயே இரத்த உறைவைப் பற்றிப் பேச வேண்டும் என்று குடல் மருத்துவர் என் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்.

குறிப்பேட்டைத் தூக்கி எறியவில்லை. அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில் 'மூச்சு, படபடப்பு, மருந்தால்' என்ற வரி அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, ஆக்சிமீட்டரைப் பார்த்து 96 என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களையும் எழுதுகிறேன். இன்று காலை 98, 76.