மேகசின் மாற்றும் அந்த இரண்டு வினாடி

டெக்சாஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முன்னாள் ராணுவ வீரர். நேற்று மாலை கராஜில் ஏஆர்-15 ரைபிளில் மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியை, மாற்றிப் பழகிக்கொண்டிருந்தார். நிஜத் தோட்டா கிடையாது, எல்லாம் டம்மி. வலது ஆள்காட்டி விரல் பொத்தானை அழுத்த, காலி மேகசின் கீழே விழுகிறது. இடது கை இடுப்பிலிருந்து புதியதை எடுத்துச் செருகி, அடுத்த தோட்டாவைச் சுடும் அறைக்குள் தள்ளும் போல்ட்டை விடுவிக்கிறது. இரண்டு வினாடிதான். அந்தக் கைப்பழக்கத்தின் மேல் எனக்கு உண்மையாகவே மரியாதை வந்தது.

அப்புறம் கேட்டேன், "போர்முனையில் சரி, வீட்டில் இருக்கும் நமக்கு எதற்கு?"

"தேவைப்படும் நாளில் பழக நேரம் இருக்காது" என்றார்.

எனக்கு 2011 ஜனவரி 8 ஞாபகம் வந்தது. அரிசோனாவின் டூசான் நகரம். நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸ் மக்களைச் சந்தித்த இடத்தில் ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட்டான். ஆறு பேர் இறந்தார்கள், அதில் ஒன்பது வயதுச் சிறுமியும் ஒருத்தி. 33 தோட்டா மேகசின் தீர்ந்து, அடுத்ததை மாட்டப் போன இடைவெளியில்தான் மக்கள் பாய்ந்து அவனை மடக்கினார்கள். 61 வயதுப் பெண் ஒருவர் அந்த மேகசினைப் பறித்துக்கொண்டார். இந்த இடைவெளியைச் சுருக்குவதைச் சாதாரண மக்கள் வார இறுதி விளையாட்டாகப் பழகுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை அவரிடம் சொன்னேன். தாக்க வருபவன் வரம்பு பார்க்க மாட்டானே, தற்காத்துக்கொள்பவன் மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்றார் அவர். நியாயமான கேள்விதான். ஆனால் ராணுவ பாணி டாக்டிக்கல் உடை, கவசம், போர்ப் பேச்சு என்று அக்கம்பக்கத்தையே எதிரி நாடாகப் பார்க்கும் பழக்கம் வளர்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ரத்தப்போக்கை நிறுத்தக் கட்டுப்போடத் தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். அடுத்த சனிக்கிழமை கற்றுத்தருகிறார், போகிறேன்.