உரலில் வருகிறவள்

ஒக்டோபர் 9
பக்கத்துக் காணியில் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அத்திவாரத்துக்குத் தூண் இறக்குகிறார்களாம். காலை எட்டுக்கு முதல் அடி. மேசையில் தேநீர் நடுங்குகிறது. மூன்று எண்ணுவதற்குள் அடுத்தது.

அம்மாவை வேறு வார்ட்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலோரக் கட்டில்.

ஒக்டோபர் 10
மழை. 100ஆம் இலக்கப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்தேன்.

ஒக்டோபர் 12
இந்தச் சத்தத்தை எங்கே கேட்டேன் என்று யோசித்து யோசித்து, இன்று வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் பிடிபட்டது. கேட்டதல்ல, வாசித்தது. பாபா யாகா, ரஷ்யக் கதைகளில் வருகிற சூனியக்காரக் கிழவி.

மொஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகம், வழவழத்த தாள். அவள் உரலில் ஏறிப் பறப்பாள். உலக்கையால் உந்துவாள். போன தடத்தைத் துடைப்பத்தால் அழித்துக்கொண்டே போவாள். அவளுடைய வீடு கோழிக்கால்களில் நிற்கும். வேலி முழுக்க மனித எலும்பு, அதன்மேல் மண்டையோடுகள், இருட்டினால் அவற்றின் கண்கள் எரியும்.

ரஷ்யப் பிள்ளைகளுக்கு உரல் கதையில் வருகிற பொருளாக இருந்திருக்கலாம். எங்களுக்கு அது குசினிப் பின்கதவடியில் நின்றது. அம்மம்மா மாவிடித்துவிட்டு உலக்கையைச் சுவரில் சாத்துவார். உரலுக்குள் அரிசி கிடந்தால் அவளால் ஏற முடியாது, வெறுமையாக இருந்தால்தான் வில்லங்கம். ஒருநாள் இரண்டு சுண்டு அரிசியை நானே அள்ளிக் கொட்டிவிட்டு அடி வாங்கினேன்.

எல்லாவற்றிலும் மோசம் துடைப்பம். தடமே இல்லையென்றால் அவள் இரவு வந்து போனாளா என்று எப்படித் தெரியும்? அம்மா விடிய எழும்பி முற்றம் கூட்டியிருந்தால் பள்ளிக்கூடம் போகும்வரை எனக்கு வாய் திறவாது.

ஒக்டோபர் 13
அறிக்கைக்கு இன்னும் பத்து நாள். வேலை நாள் பத்தா, சாதாரண நாள் பத்தா என்று கேட்டேன். தாதி பதில் சொல்லாமல் என்னையே பார்த்தார்.

ஒக்டோபர் 15
தூக்கம் வராமல் தொலைபேசியில் அவளைத் தேடினேன். இவான் பிலிபின் 1900இல் வரைந்த படம் கிடைத்தது. காடு, உரல், உலக்கை, துடைப்பம், விரிந்த நரைத்தலை. என் புத்தகத்தில் இருந்தது இதுதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். முகம் அப்படியொன்றும் கொடூரமாக இல்லை. வேலைக்குப் போய்வந்த கிழவியின் முகம். ஏமாற்றமாக இருந்தது. பிறகு விளக்கை அணைக்கவில்லை, அது வேறு விஷயம்.

ஒக்டோபர் 16
கஞ்சி பருக்கும்போது அம்மாவிடம் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

“அந்தப் பக்கத்தை ஒட்டினது நான்தானே, பிள்ளை. சோற்றுப் பருக்கையை நசித்து ஒட்டினேன். உங்களுடைய பயம் போகட்டும் என்று.”

நாற்பது வருடமாக எனக்கு இது தெரியாது. அவளே உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டாள் என்றல்லவா இருந்தேன். இரண்டு தாள் ஒன்றாகி, அப்பளம்போல் விறைத்து, ஓரத்தில் ஒரு பருக்கை மட்டும் காய்ந்து துருத்திக்கொண்டிருக்கும். நகத்தால் அதைத் தடவுவேன், பிய்க்க மாட்டேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கோழிக்கால் நிழலாகத் தெரியும். அதன்மேல் எழுத்துகள் புறம் திரும்பி ஓடும். திறந்திருந்தபோது அவள் ஒரு படம் மட்டும்தான்.

“பயம் போய்விட்டதுதானே?” என்றார்.

“போய்விட்டது, அம்மா.”

அரைக் கோப்பைக் கஞ்சி குடித்தார்.

ஒக்டோபர் 18
இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

1983 யூலை 25. எனக்கு எட்டு வயது. பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், சீமெந்துத் தரை. அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தையல் மெஷின்? கல்யாணப் படம்? அம்மா ஒவ்வொன்றாகக் கேட்க, அப்பா ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையாட்டினார். எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. கேட்கவில்லை. அன்று இரவு அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். அந்த மண்டபத்தில் நிம்மதியாகத் தூங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகும்போதுதான் அப்பா சொன்னார்: “குசினியடியில் அந்தக் கல்லுரல் மட்டும் கறுத்துப்போய் நிற்கிறது.”

யாழ்ப்பாணத்தில் ஆறு மாதம் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் படுத்தேன். பிள்ளை கலவரத்தில் பயந்துவிட்டது என்றார்கள். சொந்தக்காரர்கள் தலையைத் தடவி இனிப்புத் தந்தார்கள். வாங்கித் தின்றேன். இன்றைக்கும் அம்மா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒக்டோபர் 19
ஞாயிறு. இடிக்கவில்லை. அதுவும் பிடிக்கவில்லை.

ஒக்டோபர் 21
அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கதிரையில் இருந்தேன். சுத்தம் செய்கிற பெண் வந்து கட்டிலுக்குக் கீழே தும்புத்தடியால் கூட்டினாள். காலைத் தூக்கிக்கொண்டேன். இத்தனை வயதில்!

ஒக்டோபர் 23
அறிக்கை கிடைத்துவிட்டது. டொக்டரின் பெயருக்கு எழுதி, உறையை ஒட்டித்தான் தருகிறார்கள். அவர் நாளை ஒன்பதுக்குத்தான் வருவார்.

மேசையில் வைத்தேன். அலுமாரிக்குள் வைத்தேன். திரும்ப எடுத்து மேசை விளக்குக்கு நேரே பிடித்தேன். தாளை மூன்றாக மடித்திருக்கிறார்கள். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, புறம் திரும்பி