சம்பந்தியம்மாவின் ஏ/எல்

மகள் மினசோட்டாவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், மாப்பிள்ளை அமெரிக்கர், அவருடைய அம்மாவுக்குப் பூர்வீகம் நார்வே. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. போன வருடம் சம்பந்தியம்மா பினாங்குக்கு வந்து எங்கள் வீட்டில் பதினைந்து நாள் தங்கியபோதுதான், அவர் முப்பது வருடமாகத் தன் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடிக்கொண்டிருக்கிற கதையே வெளியே வந்தது. கையில் இருந்த தடயம் ஒரு மரப்பெட்டி. நார்வேயிலிருந்து கப்பலேறியவர்கள் துணிமணி எடுத்துப்போன பெட்டிகளில் பூ வேலைப்பாடு வரைந்து, பெயரையும் வருடத்தையும் எழுதிவைப்பார்களாம். படத்தைக் கைப்பேசியில் காட்டினார். ஒரு பெயர், 1882. ஊர் இல்லை.

உண்மைப் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதனால் ஊலே ஹான்சன் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்து நார்வேயில் ஊலே ஹான்சன் என்றால் நம் தோட்டத்து முனியாண்டி மாதிரி, கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஹான்சன் குடும்பம் எந்த ஊர்க் குடும்பம் என்று தெரிந்துவிட்டால் போதும்" என்றார். எனக்கு அங்கேதான் இடித்தது. ஹான்சன் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஹான்ஸின் மகன் என்றார். அப்படியானால் அது குடும்பப் பெயரே இல்லையே, எங்கள் மலேசியாவில் அப்பா பெயருக்கு முன்னால் போடும் ஏ/எல், அதாவது 'இன்னாரின் மகன்' அல்லவா!

தமிழ்ப்பள்ளியில் இருபத்தெட்டு வருடம் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவள் நான். மாணவர் பதிவேட்டில் ஆண் பிள்ளைக்கு ஏ/எல், பெண் பிள்ளைக்கு ஏ/பி, பின்னால் அப்பா பெயர் என்று எழுதி எழுதியே தேய்ந்த கை இது. நார்வேக் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டு முழுக்க நடந்ததும் அதுதான். ஹான்ஸின் மகன் ஹான்சன், மகள் ஹான்ஸ்தத்தர். ஊலே ஹான்சனுக்குப் பையன் பிறந்தால் அவன் ஹான்சன் இல்லை, ஊல்சன். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது, நம் ஊரில் ஏ/பி மாறாதது போலவே. எல்லாரும் ஒரு நிரந்தரக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் அங்கே 1923இல்தான் வந்தது. அமெரிக்காவில் இறங்கியவர்களின் ஏ/எல் மட்டும் அப்படியே உறைந்துபோய்ப் பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. சம்பந்தியம்மா இல்லாத ஒரு ஹான்சன் பரம்பரையை முப்பது வருடம் தேடியிருக்கிறார். பாவம். என் மகளுக்கும் அங்கே இதே கூத்துதான், அவள் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, ஓர் அலுவலகத்திலிருந்து வரும் கடிதமெல்லாம் "திருமதி ராமசாமி" என்று வருகிறது. என் பட்டத்தை மகள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று வீட்டில் சிரிப்போம்.

அப்பா பெயரை வைத்து ஊரைப் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டியது பண்ணைப் பெயரை. அங்கே ஓர் ஆளின் பெயர் மூன்று துண்டு: சொந்தப் பெயர், அப்பா பெயர், குடியிருக்கும் பண்ணையின் பெயர். பண்ணைப் பெயர் என்பது விலாசம்தான், வேறு பண்ணைக்குக் குடிபோனால் அதுவும் மாறும். அமெரிக்கர்களுக்கு இது தலையைச் சுற்றும். எங்கள் அப்பா பிறந்த நிபோங் திபால் பக்கம் கலிடோனியா மாரிமுத்து பைராம் தோட்டத்துக்கு வேலை மாறிப்போனால் கொஞ்ச நாளில் பைராம் மாரிமுத்து ஆகிவிடுவார், இதில் சுற்ற என்ன இருக்கிறது?

சரி, பண்ணையைப் பிடிப்பது எப்படி? நார்வேக்குள் நேராகக் குதிக்காமல் அமெரிக்கப் பக்கத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். சம்பந்தியம்மா வைத்திருந்த அரசாங்கப் பத்திரங்களில் பிறந்த இடம் "நார்வே" என்று மட்டும் இருந்தது. நியூயார்க்கில் குடியேறிகளை இறக்கிப் பதிந்த எல்லிஸ் தீவின் பட்டியல்களை வேறு வருடக்கணக்கில் துழாவியிருக்கிறார். எல்லிஸ் தீவு திறந்ததே 1892இல், 1882இல் நியூயார்க் போனவர்கள் இறங்கியது காசில் கார்டனில். அவர் பார்க்காமல் விட்டது ஊலே கல்யாணம் செய்துகொண்ட லுத்தரன் சபையின் பதிவேடு. நார்வேக்காரர்கள் மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் போன கையோடு தங்கள் மொழியிலேயே சபை கட்டிக்கொண்டவர்கள், அவர்களுடைய போதகர்கள் பல இடங்களில் மணமக்கள் பிறந்த திருச்சபை வட்டாரத்தையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய இரண்டாவது வாரம் அவர் போய்ப் பார்த்தார். ஒரே ஒரு சொல் இருந்தது, சோக்ன் ஃபியோர்டுப் பக்கத்து ஒரு வட்டாரத்தின் பெயர். எங்களுக்கு இரவு 9 மணி, அவருக்குக் காலை 8. தொலைபேசியில் அழுகைச் சத்தம் கேட்டு யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான் பினாங்கிலும் அவர் அங்கேயும் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் டிஜிட்டலார்கிவெட். நார்வேயின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் இணையத்தளம், காசு கிடையாது, பதிவு செய்யவும் வேண்டாம், மாதாகோயில் புத்தகங்களின் பக்கங்களை அப்படியே படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அங்கே போதகர் அரசாங்க ஊழியர் மாதிரி. ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் பதிவு, வட்டாரத்தை விட்டுப் போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் தனிப் பட்டியல் வேறு. 1812க்குப் பிறகு போதகர் ஒரு பிரதி, கோயில் உபதேசியார் ஒரு பிரதி என்று இரண்டு எழுத வேண்டும், இரண்டும் இரவில் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. நெருப்பு பிடித்தால் ஒன்றாவது மிஞ்சட்டும் என்றுதான். இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை.

எழுத்துதான் கொடுமை. கோதிக் கையெழுத்து, மைத் தீற்றல், சுருக்கங்கள். புள்ளி வைக்காமல் கோத்தெழுதும் பழைய கணக்குப்பிள்ளை கையெழுத்தைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், முதல் பத்து நாள் ஒன்றும் புரியாது, அப்புறம் திடீரென்று அந்தப் போதகரின் "ஹ" எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். இன்னும் பின்னால் போனால் பல புத்தகங்களில் தேதியே கிடையாது, "திரித்துவ ஞாயிறுக்குப் பின் மூன்றாம் ஞாயிறு" என்று இருக்கும். ஆடி மூன்றாம் வெள்ளி என்பது போல. ஈஸ்டர் வருடத்துக்கு வருடம் நகர்வதால் அந்த வருடத்து ஈஸ்டரைப் பார்த்து எண்ணித்தான் தேதி சொல்ல வேண்டும்.

ஒரு மாதத்தில் ஊலே கிடைத்துவிட்டார். ஹான்ஸின் மகன், ஞானஸ்நானம் 1858. சம்பந்தியம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பி, கேக் வெட்டி, படம் போட்டார். எனக்கு மட்டும் பள்ளிக்கூடப் புத்தி, பெயர் சேர்த்தவனை நீக்கியிருக்கிறார்களா என்று அடுத்த பதிவேட்டையும் பார்க்காமல் இருக்க முடியாது. அடக்கப் பதிவேட்டைத் திறந்தேன். 1859இல் அந்தக் குழந்தை இறந்திருக்கிறது.

அந்தப் பெண்மணியிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. அப்புறம் அதே அப்பா அம்மாவுக்கு 1861 மார்ச் மாதத்தில் இன்னொரு பையன், அவனுக்கும் ஊலே என்றே பெயர் வைத்திருப்பதைக் கண்டதும்தான் உயிர் வந்தது. இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அங்கே சர்வ சாதாரணம். நம்மிடம் நேர் எதிர். ஒன்று தவறிவிட்டால் அடுத்ததற்குக் குப்பன், பிச்சை என்று பெயர் வைத்து எமன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வோம். அவர்கள் ஏன் விடாமல் அதே பெயரை வைத்தார்கள் என்றால், மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்று ஒரு முறை இருந்தது. தாத்தா பெயர் அற்றுப்போகக் கூடாது. "எங்கள் மொழியில் பேரன் என்ற சொல்லே பெயரன், தாத்தா பெயரைச் சுமப்பவன் என்பதிலிருந்து வந்தது" என்றேன். மகளுக்கு அப்போது ஆறு மாதம். சம்பந்தியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "முதல் பையன் என்றால் எங்கள் பக்கத்துத் தாத்தா பெயர்தானே, இரண்டு ஊர் வழக்கமும் அதைத்தானே சொல்கிறது" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். வீட்டுக்காரர் இன்னும் என்னுடன் சரியாகப் பேசவில்லை.

1865 டிசம்பர் 31ஆம் தேதிக் கணக்கெடுப்பில் ஊலேயின் வயது 5 என்று இருந்தது. 1861 மார்ச் என்றால் 4தானே முடிந்திருக்கும், மறுபடியும் வேறு ஆளா என்று சம்பந்தியம்மா கலங்கிப்போனார். அந்தக் கணக்கெடுப்பில் நடப்பு வயதைத்தான் எழுதினார்கள். நாலு முடிந்து அஞ்சு நடக்கிறது, நம் ஜோசியர் சொல்லுகிற கணக்கு. அதே தாளில் அந்த வீட்டில் எத்தனை மாடு, எத்தனை ஆடு, எவ்வளவு விதைத்தார்கள் என்பது வரைக்கும் இருக்கிறது: இரண்டு மாடு, ஆறு ஆடு, கொஞ்சம் ஓட்ஸ், கொஞ்சம் உருளைக்கிழங்கு. அப்பாவின் தொழில் ஹுஸ்மன். பண்ணைக்காரர் நிலத்தின் ஒரு மூலையில் குடிசை போட்டு, அதற்கு ஈடாகப் பண்ணையில் உழைத்துக் கொடுப்பவர். நிலம் அவருக்குச் சொந்தமில்லை. இதை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி இங்கே வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு ஊரில் இருந்த நிலைமை இதுதானே.

1801இல் ஒன்பது லட்சத்தைத் தொடாமல் இருந்த நார்வேயின் மக்கள்தொகை 1865இல் பதினேழு லட்சம். மலையும் பாறையும் போக உழுவதற்கென்று இருந்த மண்ணோ நூற்றில் சில பங்கு. அந்தப் பக்கம் அமெரிக்காவில் 1862ஆம் வருடத்துச் சட்டப்படி குடியேறி ஐந்து வருடம் உழுதால் 160 ஏக்கர் சொந்தம். 1825இல் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து ரெஸ்டவ்ரேஷன் என்ற சின்னப் பாய்மரக் கப்பலில் 52 பேர் கிளம்பினார்கள் (வழியில் ஒரு குழந்தை பிறந்து 53 பேராக நியூயார்க் சேர்ந்தார்கள்), அதிலிருந்து நூறு வருடத்தில் கிட்டத்தட்ட எட்டு லட்சம் பேர் போயிருக்கிறார்கள். 1882 அந்த அலையின் உச்சம், அந்த ஒரு வருடத்தில் மட்டும் 28,000 பேருக்கு மேல்.

அந்த 28,000 பேரில் நம் ஆளைப் பிடித்தது போலீஸ் புத்தகத்தில். டிக்கெட் முகவர்கள் ஏழைகளை ஏமாற்றுகிறார்கள் என்ற புகாரினால், பயண ஒப்பந்தத்தைப் போலீஸிடம் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு 1860களின் கடைசியில் வந்தது. ஓஸ்லோவிலும் துரோன்ஹெய்மிலும் 1867இலிருந்து புத்தகம் இருக்கிறது, பெர்கனில் 1874இலிருந்து. பெயர், வயது, வட்டாரம், தொழில், எங்கே போகிறார் என்று வரிசையாக இருக்கும். ஹான்சன் என்று தேடியபோது வராதவர், பண்ணைப் பெயரைப் போட்டதும் வந்தார். ஊலே, பின்னால் பண்ணையின் பெயர், வயது 21. அப்பா பெயரே அதில் இல்லை. முப்பது வருடம் கிடைக்காததற்கு இதுதான் காரணம். அங்கிருந்து அவர்கள் நேராக அமெரிக்கா போகவில்லை, வட கடலைத் தாண்டி இங்கிலாந்தில் ஹல் துறைமுகம், ரயிலில் லிவர்பூல், அங்கே பெரிய நீராவிக் கப்பல். மாதாகோயிலில் வட்டாரம் விட்டுப் போனவர்கள் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. எதிரே போதகர் "அமெரிக்கா" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறார்.

ஒரு நிலமில்லாத கூலியின் மகன். அம்மை குத்தியது வரைக்கும் பதிவு இருக்கிறது, திடப்படுத்தல் பட்டியலில் அதற்கென்று ஒரு கட்டம்.

"இப்போது உங்கள் தாத்தாவைத் தேடலாம், எந்தத் திருச்சபை?" என்று ஆரம்பித்தார் சம்பந்தியம்மா. எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து ஜெரெஜாக் தீவு தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து வந்த தோட்டக் கூலிகளை முதலில் அங்கே இறக்கி, நோய் இருக்கிறதா என்று ஒதுக்கி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தோட்டங்களுக்கு அனுப்புவார்கள். தாத்தாவும் அங்கே இருந்துவிட்டு வந்தவர்தான், கங்காணி கூட்டிவந்த கூட்டத்தில் ஒருவர். அவரைப் பற்றி என்னிடம் இருக்கும் காகிதம் இரண்டு, அப்பாவின் சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), 1948க்குப் பிறகு கொடுத்த தாத்தாவின் ஐசி (அடையாள அட்டை). பிறந்த இடம், இந்தியா. சம்பந்தியம்மாவின் "நார்வே" போலவே.

நிபோங் திபாலில் இருக்கும் அத்தைக்கு எண்பத்தாறு வயது. போய்க் கேட்டேன். "ஊரு பேரு யாரு கண்டா பிள்ளை, முசிறிக்கு அந்தாண்டன்னு சொல்வாரு, வாசல்ல நின்னா மலை தெரியுமாம்" என்றார். குலதெய்வம் எது என்று கேட்டதும் யோசிக்கவே இல்லை, பெரியண்ணசாமி என்றார். பண்ணைப் பெயருக்கு நம்மிடம் இருக்கும் மாற்று இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆளுக்கு எத்தனை தோட்டம் மாறினாலும் சாமி மாறுவதில்லை, சாமிக்கு ஓர் ஊர் உண்டு. அந்தப் பெயரில் துறையூர், நாமக்கல் பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட கோயில் இருக்கிறது என்பது வேறு விஷயம். பங்காளிகள் யார் யார் என்று அந்தந்தக் கோயில் பூசாரிகளிடம் ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும்.

சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். அவர் கணினியில் வைத்திருக்கும் அட்டவணையில் "பண்ணை" என்ற கட்டத்தில் இப்போது பெரியண்ணசாமி ஏறிவிட்டார். தாத்தாவின் ஏ/எல் ஐசியில் இருக்கிறது, அதையும் எழுதியாயிற்று. பாட்டியின் ஏ/பிதான் காலி. ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போகும்போது கேட்க வேண்டும்.