பொபரிங்கே: சொந்தப் படையே சுட்டுக் கொன்றவர்கள்

பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் உலகப் போர் நினைவுச்சின்னமான மெனின் வாயிலைப் பார்த்து, இரவு எட்டு மணிக்கு ஊதும் பியூகிளைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உடல் கிடைக்காமல் போன 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே செதுக்கப்பட்டிருக்கின்றன. இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் என்னை உலுக்கியது, அங்கிருந்து ரயிலில் சில நிமிடங்களில் போய்விடக்கூடிய பொபரிங்கே.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பின்தளமாக இருந்த சிற்றூர் இது. பதுங்குகுழிகளிலிருந்து ஓய்வுக்கு வந்த சிப்பாய்கள் இங்கேதான் குடித்தார்கள், முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்றார்கள். (சுற்றிலும் ஹாப் கொடித் தோட்டங்கள். பீருக்கு இன்றும் பெயர்போன ஊர்.)

அதே ஊரின் நகர மன்றக் கட்டடத்தில் இரண்டு சிறை அறைகள் இருக்கின்றன. சுவர் முழுக்கக் கீறல்கள்: பெயர்கள், படைப்பிரிவுகள், கிறுக்கல்கள். குடித்துவிட்டு ரகளை செய்தவர்களையும் இங்கேதான் அடைத்தார்கள் என்பதால், எந்தக் கீறல் விடிந்தால் சாகப்போகிறவனுடையது என்று பிரித்தறிய வழியில்லை. வெளியே முற்றத்தில் ஒரு மரக்கம்பம். ஓடிப்போனவன், கோழை என்று தீர்ப்பான சிப்பாயை அதிகாலையில் இப்படியொரு கம்பத்தில் கட்டுவார்கள். கண்ணை மூடி, இதயத்துக்கு நேராக வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைக் குத்துவார்கள். துப்பாக்கியோடு எதிரே நிற்பவர்கள் எதிரிகள் அல்லர். பல சமயம் அவனுடைய பிரிவைச் சேர்ந்தவர்களே. நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவனின் மார்பைக் குறிபார்க்கச் சொன்னால் கை நடுங்காதா? அந்தக் கைகளைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

இங்கே சுடப்பட்டவர்களில் எரிக் பூல் என்ற இரண்டாம் லெப்டினன்டும் ஒருவர். 1916 ஜூலையில், பிரான்சின் சோம் போர்க்களத்தில், குண்டு வெடித்துச் சிதறிய மண்கட்டிகள் தாக்கி, 'ஷெல் ஷாக்' (குண்டுவீச்சின் அதிர்ச்சியால் வரும் மனப் பாதிப்பு) என்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிறகு மறுபடியும் களத்துக்கே அனுப்பினார்கள். அக்டோபரில் படைப்பிரிவை விட்டு எங்கோ நடந்து போய்விட்டார். குண்டுவீச்சில் மனம் குழம்பிவிடும் நிலையில் இருந்தவர் என்று ராணுவ மருத்துவர் ஒருவரே விசாரணையில் சாட்சி சொன்னார். எடுபடவில்லை. டிசம்பர் 10 அன்று சுட்டார்கள். வயது 31.

இத்தனைக்கும், ஷெல் ஷாக் பற்றி மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதியது 1915-லேயே. அப்படியொரு நோய் இருப்பது தெரியாமல் சுடவில்லை. ஒருவனை விட்டால் மற்றவர்களும் கிளம்பிவிடுவார்கள் என்ற பயத்தில் சுட்டார்கள். என் வாசிப்பு அதுதான்.

பூலின் கல்லறை ஊர்க்கோடியில் உள்ள ராணுவ மயானத்தில் இருக்கிறது. சண்டையில் இறந்தவர்களுக்கு உள்ள அதே வெள்ளைக் கல், அதே அளவு. சுடப்பட்டவர் எவர் என்று கல்லைப் பார்த்துச் சொல்லவே முடியாது. பெயரைத் தெரிந்துகொண்டு போனால்தான் உண்டு.

2006-ல் பிரிட்டிஷ் அரசு இப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு ஒரு சட்டத்தின் மூலம் மன்னிப்பு வழங்கியது. கேட்க வேண்டியவர்கள் வழங்கினார்கள், போகட்டும். அந்தச் சட்டத்திலேயே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்கள்: இந்த மன்னிப்பு, அன்றைய தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது.